ஒரே ஆள், மூன்று நாற்காலிகள்: அமெரிக்கப் பிரதேச ஆளுநர் என்பவர் யார்?

1856 ஜூலையில், அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலிருந்த வாஷிங்டன் பிரதேசத்தில், தலைமை நீதிபதி எட்வர்ட் லேண்டர் அந்தப் பிரதேசத்தின் ஆளுநருக்கே 50 டாலர் அபராதம் போட்டார். குற்றம், நீதிமன்ற அவமதிப்பு. ஆளுநர் ஐசக் ஸ்டீவன்ஸ் உடனே பணத்தைக் கட்டிவிடவில்லை. ஜனாதிபதி முடிவு சொல்லும்வரை தண்டனை நிறுத்தி வைக்கப்படுகிறது என்று ஓர் ஆணை எழுதி, தானே கையெழுத்துப் போட்டு, தனக்கே வழங்கிக்கொண்டார்.

தண்டனையை நிறுத்தி வைக்கும் அதிகாரம் பிரதேச ஆளுநருக்குச் சட்டத்திலேயே இருந்தது. அதை அவர் தனக்கே பயன்படுத்திக்கொள்ளக் கூடாது என்று எழுதி வைக்க யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் இந்தப் பதவியில் எத்தனை அதிகாரம் குவிந்திருந்தது, அதைத் தட்டிக் கேட்க எவ்வளவு குறைவான பேர் இருந்தார்கள் என்பதை ஸ்டீவன்ஸின் வாழ்க்கையில் தெளிவாகப் பார்க்கலாம். முதலில் பதவியைப் பார்ப்போம், அப்புறம் ஆளைப் பார்ப்போம்.

பிரதேசம் என்பது எது?

இன்று அமெரிக்காவில் 50 மாநிலங்கள் உள்ளன. அவற்றில் 31, மாநிலம் ஆவதற்கு முன் ‘பிரதேசம்’ என்ற நிலையில் சில காலம் இருந்தவை. பிரதேசம் என்றால் நாட்டின் எல்லைக்குள் இருக்கும் நிலம், ஆனால் இன்னும் மாநிலம் ஆகாதது. அதை நாட்டின் தலைநகரான வாஷிங்டன் நகரிலிருந்த மத்திய அரசு நேரடியாகக் கட்டுப்படுத்தியது. இந்த ஏற்பாட்டுக்கு அடிப்படை, 1787-ல் நிறைவேறிய வடமேற்குச் சட்டம். அதன் கணக்கு மூன்று படிகள் கொண்டது. முதலில் ஓர் ஆளுநர், ஒரு செயலாளர், மூன்று நீதிபதிகள் ஆகிய ஐந்து பேரையும் மேலிருந்து அனுப்புவார்கள். வயது வந்த சுதந்திர ஆண்கள் 5,000 பேர் சேர்ந்ததும் மக்கள் ஒரு சட்டமன்றத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். சுதந்திர மக்கள்தொகை 60,000 ஆனதும் மாநிலமாகச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்கலாம். பின்னாட்களில் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், இந்த எண்களை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கவில்லை. சில பிரதேசங்களுக்கு முதல் நாளிலிருந்தே சட்டமன்றம் இருந்தது, சில பிரதேசங்கள் மாநிலமாவதற்குப் பல பத்தாண்டுகள் காத்துக் கிடந்தன.

பிரதேசத்தில் குடியிருந்தவர்களுக்கு ஜனாதிபதி தேர்தலில் ஓட்டு கிடையாது. காங்கிரஸின் கீழவைக்கு ஒரே ஒரு பிரதிநிதியை அனுப்பலாம். அவர் அங்கே பேசலாம், வாக்களிக்க முடியாது. அவர்கள் ஊர்ச் சட்டமன்றம் போட்ட சட்டத்தைக்கூட காங்கிரஸ் ரத்து செய்யலாம்.

இந்த இடத்தில் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். அமெரிக்காவில் மாநில ஆளுநர் என்பவர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர். பிரதேச ஆளுநரை ஜனாதிபதி நியமித்தார், காங்கிரஸின் மேலவையான செனட் ஒப்புதல் கொடுத்தது. பதவிக்காலம் பெரும்பாலும் 4 ஆண்டுகள், ஆனால் ஜனாதிபதி நினைத்தால் எந்த நாளும் தூக்கிவிடலாம். பல நேரம் அந்த மண்ணை அதற்கு முன் மிதித்தே இராதவர்தான் ஆளுநராக வந்து இறங்குவார். தேர்தலில் கட்சிக்கு உழைத்தவர்களுக்குக் கைமாறாக இந்தப் பதவியைக் கொடுப்பது வழக்கமாக இருந்தது. 1849-ல் ஓரிகன் பிரதேசத்தின் ஆளுநராகும்படி ஆபிரகாம் லிங்கனைக் கேட்டார்கள், அவர் மறுத்துவிட்டார். இண்டியானா பிரதேசத்தில் 1800 முதல் 12 ஆண்டுகள் ஆளுநராக இருந்த வில்லியம் ஹென்றி ஹாரிசன் பிற்பாடு ஜனாதிபதியே ஆனார். கொலராடோ பிரதேச ஆளுநர் ஜான் எவன்ஸ், 1864-ல் சாண்ட் கிரீக்கில் சையேன், அரபஹோ பூர்வகுடி மக்கள் படுகொலை செய்யப்பட்டதைத் தொடர்ந்து அடுத்த ஆண்டு பதவி இழந்தார்.

சரி, இவர்களுக்கு என்ன வேலை? சட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது, அதிகாரிகளை நியமிப்பது, மன்னிப்பு வழங்குவது. பிரதேசத்துக் காவற்படைக்கும் ஆளுநரே தலைமைத் தளபதி. இதோடு நின்றிருந்தால் இது ஒரு சாதாரண நிர்வாகப் பதவியாக இருந்திருக்கும். ஆனால் பல பிரதேசங்களில் ஆளுநரே ‘இந்திய விவகாரக் கண்காணிப்பாளர்’ ஆகவும் இருந்தார். இந்தியர் என்று அன்று அவர்கள் குறிப்பிட்டது அமெரிக்கப் பூர்வகுடி மக்களை. அந்த மக்களோடு ஒப்பந்தம் பேசுவதும், அவர்களுக்குத் தர வேண்டியதைத் தருவதும், குடியேறிகளின் அத்துமீறலிலிருந்து அவர்களைக் காப்பதும் அந்த நாற்காலியின் பொறுப்பு.

இப்போது சிக்கல் புரிந்திருக்கும். குடியேறிகளுக்கு நிலம் வேண்டும். நிலம் கிடைத்து ஆட்கள் பெருகினால்தான் பிரதேசம் மாநிலமாகும், அதுதான் ஆளுநரின் வெற்றி. அந்த நிலமோ பூர்வகுடிகளுடையது. அவர்களைக் காக்க வேண்டியவரும் அதே ஆளுநர். வாங்குபவரின் தரகரும் விற்பவரின் காப்பாளரும் ஒரே ஆள் என்றால் பேரம் எப்படி முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1787 சட்டம், பூர்வகுடிகளின் நிலத்தை அவர்கள் சம்மதம் இல்லாமல் ஒருபோதும் எடுக்கக் கூடாது என்று தெளிவாகவே எழுதியிருந்தது. அந்தச் சம்மதத்தை வாங்கித் தரும் வேலையைத்தான் ஆளுநரிடம் கொடுத்தார்கள்.

முதல் மாணவன்

ஐசக் இங்கல்ஸ் ஸ்டீவன்ஸ் 1818 மார்ச் 25 அன்று மாசசூசெட்ஸில் ஆண்டோவர் ஊரில் பிறந்தார். குள்ளமான உருவம், அதோடு ஒப்பிட்டால் பெரிய தலை, ஓயாத வேகம். வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் 1839-ஆம் ஆண்டு வகுப்பில் முதலாவதாகத் தேறி, ராணுவப் பொறியாளர் படையில் சேர்ந்தார். மெக்ஸிகோ போரில் தளபதி வின்ஃபீல்ட் ஸ்காட்டின் அலுவலர் குழுவில் இருந்து, மெக்ஸிகோ நகரைப் பிடிக்கும்போது காலில் பலத்த காயம் பட்டார். போருக்குப் பிறகு கடற்கரை அளவாய்வுத் துறையில் சில ஆண்டுகள் வேலை செய்தார்.

1852 தேர்தலில் ஃபிராங்க்ளின் பியர்ஸுக்காக ஸ்டீவன்ஸ் வரிந்துகட்டி வேலை பார்த்தார். பியர்ஸ் ஜெயித்தார். அதே சமயத்தில் ஓரிகன் பிரதேசத்தின் வடபகுதிக் குடியேறிகள், தங்களைத் தனியாகப் பிரித்து ‘கொலம்பியா’ என்று பெயர் வைக்கும்படி கேட்டிருந்தார்கள். தலைநகர் இருக்கும் கொலம்பியா மாவட்டத்தோடு குழப்பம் வரும் என்று காங்கிரஸ் பெயரை வாஷிங்டன் என்று மாற்றி, 1853 மார்ச் 2 அன்று புதுப் பிரதேசத்தை உருவாக்கியது. இரண்டே வாரத்தில் ஸ்டீவன்ஸ் அதன் முதல் ஆளுநர். வயது 35 கூட நிறையவில்லை.

ஆளுநர் பதவியோடு பூர்வகுடி விவகாரக் கண்காணிப்பும் சேர்ந்தே வந்தது. அதுவும் போதாது என்று மூன்றாவதாக ஒரு வேலையையும் அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். மிசிசிப்பி ஆற்றிலிருந்து பசிபிக் கடல் வரை ரயில் பாதை போட எந்த வழி சரி என்று பார்க்கும் அளவாய்வுகள் அப்போது தொடங்கியிருந்தன. அதில் வடக்குப் பாதைக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். அன்றைய போர்த்துறைச் செயலர் ஜெஃபர்சன் டேவிஸ். பின்னாளில் பிரிந்துபோன தென் மாநிலங்களின் தலைவரானவர் இவர்தான். ஆக, பிரதேசத்துக்கு ஆட்களை வரவழைக்கும் ரயிலுக்கு வழி தேடுபவரும், அவர்களை ஆள்பவரும், அவர்கள் வந்து உட்காரப்போகும் நிலத்தின் சொந்தக்காரர்களைக் காப்பவரும் ஒருவரே.

1853 ஜூனில் மினசோட்டாவின் செயின்ட் பால் நகரிலிருந்து கிளம்பினார். வழி நெடுக அளந்துகொண்டு, ராக்கி மலைத்தொடரைக் கடந்த இடத்திலேயே வாஷிங்டன் பிரதேச அரசு அமைந்துவிட்டதாக அறிவித்து, நவம்பர் 25 அன்று, பிரதேசத்தின் தலைநகராக அமைந்த ஒலிம்பியா போய்ச் சேர்ந்தார். மழையில் ஊறி, அழுக்குடையோடு வந்து இறங்கியவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை என்றும், ஆளுநரை வரவேற்கத் தயாராகிக்கொண்டிருந்த விடுதியில் அவரைச் சமையலறைப் பக்கம் போய்ச் சாப்பிடச் சொன்னார்கள் என்றும் ஒலிம்பியாவில் ஒரு கதை உண்டு. அப்போது எடுத்த முதல் கணக்கெடுப்பில் மொத்தப் பிரதேசத்திலும் இருந்த வெள்ளைக் குடியேறிகள் 3,965 பேர்தான். பூர்வகுடிகள் அதைவிட எவ்வளவோ அதிகம்.

ஸ்டீவன்ஸ் திறமையான நிர்வாகி. 1854 பிப்ரவரியில் முதல் சட்டமன்றத்தைக் கூட்டினார், சாலைகளுக்கும் தபாலுக்கும் காங்கிரஸிடம் மன்றாடினார். பிரதேசத்துக்கு ஒரு நூலகம் அமைக்கக் காங்கிரஸ் 5,000 டாலர் ஒதுக்கியிருந்தது. மரத்தை வெட்டி வீடு கட்டிக்கொண்டிருந்த அந்தச் சிற்றூருக்குப் புத்தகப் பெட்டிகள் கப்பலில் வந்து சேர்ந்தன. அவர் செய்ததிலேயே எனக்கு மனதாரப் பிடித்த வேலை அது. ரயில் பாதை அளவாய்விலும் குறை சொல்ல முடியாது. வடக்குப் பாதை சாத்தியம் என்று அவர் அடித்துச் சொன்னார். 1883-ல் நார்தர்ன் பசிபிக் ரயில் பாதை முடிந்தபோது அது மெய்யானது.

மெடிசின் கிரீக், 1854 டிசம்பர்

நிலச் சிக்கலை உண்டாக்கியது ஸ்டீவன்ஸ் அல்ல, அவர் வருவதற்கு முன்பே காங்கிரஸ் செய்துவைத்த காரியம். 1850-ல் ஒரு நிலக்கொடைச் சட்டம் போட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பருக்குள் ஓரிகன் வந்துவிட்ட திருமணமாகாத ஆணுக்கு 320 ஏக்கர், திருமணமானவருக்கு மனைவி பங்கும் சேர்த்து 640 ஏக்கர் இலவசம். பிந்தி வந்தவர்களுக்கு அதில் பாதி. அந்த நிலங்களைப் பூர்வகுடிகளிடமிருந்து அரசு அதுவரை வாங்கியிருக்கவே இல்லை. அடுத்தவர் நிலத்துக்குப் பட்டா கொடுத்துவிட்டு, பிறகு அதை அவரிடமிருந்து வாங்கிவரும்படி ஆளுநரை அனுப்பினார்கள்.

ஸ்டீவன்ஸ் இந்த வேலையையும் அளவாய்வு போலவே நினைத்தார்: சீக்கிரம் முடிக்க வேண்டும். 1854 டிசம்பர் 24-ஐ ஒட்டி, பியூஜிட் சவுண்ட் கடற்கழியின் தென்முனையில், நிஸ்குவாலி ஆறு கடலில் கலக்கும் சதுப்பு நிலத்தருகே, மெடிசின் கிரீக் என்ற ஓடைக்கரையில் கூட்டம் கூடியது. நிஸ்குவாலி, ப்யூயாலப், ஸ்குவாக்சின் முதலான மக்கள் நூற்றுக்கணக்கில் வந்திருந்தார்கள். நனைந்த தரை, ஃபிர் மரங்கள், கூடாரங்கள். ஆளுநர் சிவப்பு ஃபிளானல் சட்டையும், பூட்ஸுக்குள் செருகிய கால்சட்டையும், பட்டையில் புகைக்குழாய் செருகிய கறுப்புத் தொப்பியுமாக வந்தார்.

ஒப்பந்தத்தின் வாசகம் ஏற்கெனவே எழுதித் தயாராக இருந்தது. வேறெங்கோ சமவெளியில் வாழும் மக்களோடு போட்ட ஒப்பந்தங்களே அதற்கு முன்மாதிரி. ஆங்கிலத்தில் ஒரு வரி வாசிப்பார்கள். மொழிபெயர்ப்பாளர் அதைச் சினூக் கலப்புமொழியில் சொல்வார். அது சில நூறு சொற்களே கொண்ட சந்தை மொழி. மீனுக்கும் போர்வைக்கும் பேரம் பேச உண்டானது. அதைக் கேட்ட பூர்வகுடி ஒருவர் தம் மக்களின் மொழியில் திருப்பிச் சொல்வார். சொத்துரிமை, என்றென்றைக்குமான விட்டுக்கொடுப்பு, ஜனாதிபதியின் விருப்பப்படி இடமாற்றம் என்ற ஷரத்துகள் எல்லாம் இந்த வழியாகத்தான் அவர்களைப் போய்ச் சேர்ந்தன. எவ்வளவு போய்ச் சேர்ந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

டிசம்பர் 26 அன்று 62 பூர்வகுடித் தலைவர்களின் பெயர்களுக்கு நேரே, கையெழுத்துக்குப் பதிலாக, பெருக்கல் குறிகள் விழுந்தன. அவர்கள் விட்டுக்கொடுத்தது சுமார் 22 லட்சத்து 40 ஆயிரம் ஏக்கர். கிடைத்தது 32,500 டாலர், அதுவும் 20 ஆண்டுகளில் தவணையாக. ஏக்கருக்கு ஒன்றரை சென்ட்கூட வராது. அவர்கள் வாழ ஒதுக்கப்பட்டவை தலா 1,280 ஏக்கரில் மூன்று துண்டுகள். நிஸ்குவாலி மக்களுக்கு வந்த துண்டு, ஆற்றை விட்டு விலகிய ஒரு மேட்டுக்காடு. அவர்கள் ஆற்று மீனை நம்பியும், ஆற்றங்கரைப் புல்வெளியில் குதிரை மேய்த்தும் வாழ்ந்தவர்கள்.

அவர்களில் ஒருவர் லெஷாய். குதிரைகளும் விளைநிலமும் உடையவர், குடியேறிகளோடு நட்பாக இருந்தவர். ஒப்பந்தத்தில் அவர் பெயருக்கு எதிரேயும் ஒரு குறி இருக்கிறது. அது அவர் போட்டதல்ல, அவர் மறுத்துவிட்டு எழுந்து போனார் என்பது நிஸ்குவாலி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருவது. வரலாற்றாசிரியர்கள் இன்றும் இதில் ஒரு முடிவுக்கு வரவில்லை. ஆற்றங்கரையை விட்டுப் போக அவர் சம்மதிக்கவில்லை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

ஆனால் அந்த ஒப்பந்தத்தின் மூன்றாம் ஷரத்தில் ஒரு வரி இருந்தது. வழக்கமாக மீன் பிடித்துவந்த எல்லா இடங்களிலும், பிரதேசத்துக் குடிமக்களோடு பொதுவாக, மீன் பிடிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்பது அந்த வரி. மீன் இல்லாமல் இந்த மக்கள் எதற்கும் சம்மதிக்கமாட்டார்கள் என்று பேச வந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. குடியேறிகளும் அன்று மீனுக்குப் பூர்வகுடிகளைத்தான் நம்பியிருந்தார்கள். அதனால் அந்த வரியை எழுத யாரும் தயங்கவில்லை.

அதன்பின் ஸ்டீவன்ஸ் நிற்கவில்லை. 1855 ஜனவரியில் மட்டும் பாயிண்ட் எலியட், பாயிண்ட் நோ பாயிண்ட், நியா பே என்று மூன்று ஒப்பந்தங்கள். சியாட்டில் நகரம் யாருடைய பெயரைத் தாங்கியிருக்கிறதோ அந்தத் தலைவர் சியாட்டில், பாயிண்ட் எலியட்டில் குறியிட்டவர்களில் ஒருவர். மே மாதக் கடைசியில் கேஸ்கேட் மலைத்தொடருக்கு அந்தப்புறம், வல்லா வல்லா பள்ளத்தாக்கில் ஆயிரக்கணக்கானோர் கூடிய பெரிய சபை. நெஸ் பெர்ஸ் மக்கள் குதிரைகளில் அணிவகுத்து வந்த காட்சியை ஸ்டீவன்ஸின் குழுவிலிருந்த குஸ்டாவ் சோஹன் வரைந்துவைத்திருக்கிறார். யாகமா தலைவர் காமியாகின் பல நாள் பேசாமலே உட்கார்ந்திருந்தார். எருமை வேட்டைக்குப் போயிருந்த நெஸ் பெர்ஸ் முதியவர் லுக்கிங் கிளாஸ் கடைசி நேரத்தில் வந்து, தான் இல்லாதபோது தன் நாட்டை எப்படி விற்கலாம் என்று கோபப்பட்டார். கடைசியில் கையெழுத்துகள் விழுந்தன. யாகமா ஒப்பந்தம் மட்டுமே ஒரு கோடி ஏக்கருக்கு மேல் நிலத்தைக் கைமாற்றியது.

போரும் ராணுவச் சட்டமும்

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் மட்டும் அது சட்டமாகிவிடாது, செனட் ஏற்க வேண்டும். வல்லா வல்லா ஒப்பந்தங்களைச் செனட் ஏற்றது 1859-ல். ஆனால் 1855 கோடையிலேயே, நிலம் குடியேற்றத்துக்குத் திறந்துவிட்டது என்று செய்தித்தாள்களில் அறிவிப்பு வந்துவிட்டது. அதே கோடையில் கொல்வில் பகுதியில் தங்கம் கிடைத்த செய்தி பரவி, தங்கம் தேடுவோர் யாகமா மண்ணின் வழியே கூட்டம் கூட்டமாகப் போனார்கள். மோதல்கள், கொலைகள். செப்டம்பரில் அரசு முகவர் ஆண்ட்ரூ போலன் கொல்லப்பட்டார். அக்டோபரில் மலைக்கு இரு பக்கமும் போர் மூண்டது. ஸ்டீவன்ஸ் அப்போது ராக்கி மலைக்கு அப்பால் பிளாக்ஃபீட் மக்களோடு இன்னோர் ஒப்பந்தம் பேசிக்கொண்டிருந்தார். பனியில் மலையேறித் திரும்பி 1856 ஜனவரியில் ஒலிம்பியா வந்தார்.

வந்ததும் அவர் உட்கார்ந்தது தளபதியின் நாற்காலியில். தொண்டர் படைகளைத் திரட்டினார். பசிபிக் கரை ராணுவத் தளபதி ஜான் வூல், இந்தப் போருக்குக் குடியேறிகளின் அத்துமீறலே காரணம் என்று வெளிப்படையாகச் சொல்லி, ஸ்டீவன்ஸ் கேட்டபடி படை நடத்த மறுத்தார். இருவரும் கடிதங்களிலேயே சண்டை போட்டுக்கொண்டார்கள்.

பியர்ஸ் மாவட்டத்தில் ஹட்சன் பே என்ற பிரிட்டிஷ் வணிகக் கம்பெனியின் முன்னாள் ஆட்கள் சிலர் விவசாயம் செய்துவந்தார்கள். அவர்களின் மனைவிமார் பூர்வகுடிப் பெண்கள். எதிரிகள் அந்தப் பண்ணைகளைத் தொடாமல் விட்டதால், அவர்கள் உளவு சொல்கிறார்கள் என்று ஸ்டீவன்ஸ் சந்தேகப்பட்டு ஊரைக் காலி செய்யச் சொன்னார். திரும்பி வந்தவர்களைக் கைது செய்தார். எந்தக் குற்றத்துக்காக என்று காட்டுங்கள் என்று வழக்கறிஞர்கள் நீதிமன்றம் போகக் கிளம்பினார்கள். அதைத் தடுக்கவே 1856 ஏப்ரல் 3 அன்று அந்த மாவட்டத்தில் ராணுவச் சட்டம் அறிவித்தார். மே மாதம் நீதிபதி லேண்டர் ஸ்டெய்லகூமில் நீதிமன்றத்தைத் திறந்தார். தொண்டர் படை உள்ளே நுழைந்து அவரை நீதிபதி இருக்கையிலிருந்தே பிடித்துக்கொண்டு போனது. லேண்டர் ஒலிம்பியாவில் அடுத்த அமர்வைத் தொடங்கினார். அந்த மாவட்டத்துக்கும் ராணுவச் சட்டம் வந்தது, அவரும் மறுபடி கைதானார். தொடக்கத்தில் சொன்ன 50 டாலர் அபராதம் இந்த விவகாரத்தில் விழுந்ததுதான். ஜனாதிபதி பியர்ஸ் கண்டித்து எழுதச் செய்தார், ஆனால் ஆளுநரைப் பதவியிலிருந்து இறக்கவில்லை. 1857 ஜனவரியில் பிரதேசச் சட்டமன்றமும் கண்டனத் தீர்மானம் போட்டது.

இதற்கு நடுவே ஒரு காரியம் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். 1856 ஆகஸ்டில் ஃபாக்ஸ் தீவில் நிஸ்குவாலி, ப்யூயாலப் மக்களை ஸ்டீவன்ஸ் மறுபடி சந்தித்து, ஒதுக்கிய நிலம் போதாது என்பதை ஏற்றுக்கொண்டு, ஆற்றங்கரையோடு கூடிய பெரிய நிலத்துக்கு ஏற்பாடு செய்தார். லெஷாய் போராடியது இதற்காகத்தான். முன்பே கொடுத்திருந்தால் அந்தக் கரையில் போரே நடந்திருக்காது என்பது என் கருத்து.

ஆனால் லெஷாயை ஸ்டீவன்ஸ் விடவில்லை. தொண்டர் படையைச் சேர்ந்த ஏ. பெண்டன் மோசஸைக் கொன்றதாக அவர் மேல் கொலை வழக்கு நடந்தது. சரணடைந்த அவருடைய சகோதரர் குயிமத்தை நவம்பரில் ஓர் இரவு ஒலிம்பியாவுக்குக் கொண்டுவந்து, ஆளுநரின் அலுவலகத்திலேயே படுக்க வைத்தார்கள். விடிவதற்குள் ஒருவன் உள்ளே புகுந்து அவரைக் கொன்றுவிட்டான். அதற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. லெஷாயின் முதல் விசாரணையில், போரில் நடந்த சாவு கொலைக் குற்றமாகாது என்று நீதிபதி விளக்கியதால் ஜூரிகள் ஒத்துப்போகவில்லை. இரண்டாம் விசாரணையில் மரண தண்டனை. ஸ்டெய்லகூம் கோட்டை ராணுவ அதிகாரிகள் இதை ஏற்கவில்லை. லெஃப்டினன்ட் ஆகஸ்ட் காட்ஸ் லெஷாய்க்காக ஒரு செய்தித்தாளே அச்சிட்டார். கோட்டைக்குள் தூக்குமரம் நிற்கக் கோட்டைத் தளபதி சம்மதிக்கவில்லை. அதற்கு வெளியே, 1858 பிப்ரவரி 19 அன்று லெஷாயைத் தூக்கிலிட்டார்கள்.

அப்போது ஸ்டீவன்ஸ் ஆளுநர் இல்லை. 1857 கோடையில் அதே குடியேறிகள் அவரைப் பெரும் வாக்கு வித்தியாசத்தில் காங்கிரஸ் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஓட்டுரிமை யாரிடம் இருந்தது என்பதை நினைத்தால் இதில் ஆச்சரியமில்லை. வாஷிங்டன் நகரில் உட்கார்ந்து, தான் போட்ட ஒப்பந்தங்களைச் செனட் ஏற்கும்வரை விடாமல் வாதாடினார். 1860 தேர்தலில் தென் மாநிலங்களின் வேட்பாளர் பிரெக்கின்ரிட்ஜுக்காகப் பிரசாரம் நடத்தினார். ஆனாலும் உள்நாட்டுப் போர் வந்ததும் ஒன்றியத்தின், அதாவது வட மாநிலங்களின், பக்கமே நின்று, 79-ஆம் நியூயார்க் படைப்பிரிவுக்குத் தலைமை ஏற்றார். 1862 செப்டம்பர் 1 அன்று வர்ஜீனியாவில் சாண்டிலி என்ற இடத்தில், இடியும் மழையுமான மாலையில், கொடி பிடித்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக விழ, கொடியைத் தானே எடுத்துக்கொண்டு முன்னே ஓடினார். தலையில் குண்டு பாய்ந்து இறந்தார். வயது 44. அவருடைய மகன் ஹசார்டும் அதே சண்டையில் காயப்பட்டான். 13 வயதில் அப்பாவோடு ஒப்பந்தச் சபைகளுக்குப் போய்வந்த பையன் அவன்.

அந்த ஒரு வரி

வாஷிங்டன் பிரதேசம் 1889 நவம்பர் 11 அன்று மாநிலமானது. பிரதேச ஆளுநர் பதவி அங்கே அன்றோடு முடிந்தது. பூர்வகுடிகளோடு புதிதாக ஒப்பந்தம் போடுவதைக் காங்கிரஸ் 1871-லேயே நிறுத்திவிட்டது. ஆனால் போட்ட ஒப்பந்தங்கள் நாட்டின் சட்டமாகவே நீடித்தன. அமெரிக்க அரசியல் சாசனப்படி ஒப்பந்தம் மாநிலச் சட்டத்துக்கு மேலானது.

மாநிலம் அதைக் கண்டுகொள்ளாமல்தான் வெகுகாலம் இருந்தது. ராணுவ முகாமுக்காக 1917-ல் நிஸ்குவாலி ஒதுக்கீட்டு நிலத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டார்கள். ஆற்றில் வலை போட்ட நிஸ்குவாலிகளை மாநில அதிகாரிகள் பிடித்தார்கள். பில்லி ஃபிராங்க் என்பவரை முதன்முதலில் 1945-ல், 14 வயதில் கைது செய்தார்கள். அதன்பின் 50 தடவைக்கு மேல் கைதானார். 1960-களில் அவரும் மற்றவர்களும் கைதாகத் தயாராகவே ஆற்றில் இறங்கி, வெளிப்படையாக வலை போட்டுப் போராடினார்கள்.

1974 பிப்ரவரி 12 அன்று மத்திய நீதிபதி ஜார்ஜ் போல்ட் தீர்ப்புச் சொன்னார். மெடிசின் கிரீக்கில் எழுதிய மூன்றாம் ஷரத்தையும் மற்ற ஒப்பந்தங்களில் இருந்த அதே வரியையும் எடுத்துக்கொண்டு, ‘பொதுவாக’ என்றால் பங்கு போட்டுக்கொள்வது என்று பொருள், பிடிக்கத் தக்க மீனில் பாதி இந்த மக்களுக்கு உரியது என்றார். மாநிலம் எதிர்த்தது. 1979-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பின் சாரத்தை உறுதிசெய்தது. 2004 டிசம்பரில் மாநிலத் தலைமை நீதிபதியின் தலைமையில் கூடிய ஒரு வரலாற்று விசாரணை மன்றம், லெஷாய் போரில் ஈடுபட்ட வீரர், அவரைக் கொலைக் குற்றவாளியாக விசாரித்திருக்கவே கூடாது என்று சொன்னது. அதற்குச் சட்ட வலு இல்லை என்றாலும் நிஸ்குவாலிகள் கேட்டுக் காத்திருந்த வார்த்தை அது.

வழக்கு அங்கேயும் முடியவில்லை. சாலைகளுக்கு அடியில் ஓடைகளைக் கொண்டுபோகும் குழாய்ப் பாலங்கள் பலவற்றில் சால்மன் மீன் ஏறிப்போக முடியவில்லை. மீனே வராத ஆற்றில் மீன்பிடி உரிமையால் என்ன பயன் என்று பூர்வகுடிகள் மறுபடி நீதிமன்றம் போனார்கள். 2018-ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் நாலுக்கு நாலு எனப் பிரிந்ததால் கீழ் நீதிமன்றத்தின் ஆணை நிலைத்தது. அதன்படி, மீனைத் தடுக்கும் குழாய்ப் பாலங்களை வாஷிங்டன் மாநில அரசு தன் செலவில் தோண்டி எடுத்து மாற்றிக் கட்ட வேண்டியதாயிற்று.